குண்டு எறிந்த பெண்

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இனிமேல் 'உடலும் சமூகமும்' என்று ஒரு பாடம் நடத்த வேண்டும் என மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, ஆசிரியர் அறையில் அத்தனை பேருக்கும் திடீரென்று வேறு வேலை முளைத்துவிட்டது. கணக்கு டீச்சர் திருத்தாத விடைத்தாள்களை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வரலாற்று சார் வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு நழுவிவிட்டார். ஆணும் பெண்ணுமாகக் கலந்து உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்பின் முன்னால் நின்று மார்பு, இடுப்பு, மீசை என்று பேச யாருக்குத் துணிச்சல் வரும்? சுற்றிச் சுற்றிக் கடைசியில் அது உயிரியல் டீச்சர் தலையில் வந்து விழுந்தது.

"உங்களுக்கு என்ன மேடம், நீங்க இனப்பெருக்கமே நடத்தறவங்க. இது அதைவிடக் கஷ்டமா?" என்றார் தலைமையாசிரியை.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்து வைத்தார். ஆனால் அவர்கள் நினைத்ததுபோல அவர் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளூர ஆசைப்பட்டுத்தான் வாங்கிக்கொண்டார். கூடப் படித்த பெண்களுக்கு முன்னாலேயே உடம்பு வளர்ந்துவிட்டவர் அவர். தெருவில் போகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று புரிந்த நாளிலிருந்து புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்து, தோளைக் குறுக்கி, கூன் போட்டு நடக்கப் பழகினார். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. கையிலிருந்த பை போய்விட்டது, கூன் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் மூன்றாவது பீரியடுக்குள் முதுகு கடுக்க ஆரம்பித்துவிடும். அந்த வயதில் யாராவது ஒருத்தர் வந்து, "நிமிந்து நடம்மா, உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லியிருக்கலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறார். இப்போது அந்த ஒருத்தராகத் தானே இருக்கலாம் என்று தோன்றியது.

முதல் வெள்ளிக்கிழமை கரும்பலகையில் ஓர் ஆண் உருவமும் ஒரு பெண் உருவமும் வரைந்தார். படம் வரைவதில் அவர் கைதேர்ந்தவர். தவளையின் குடலைக்கூடப் புத்தகத்தைப் பார்க்காமல் வரைவார்.

"இப்போ சொல்லுங்க. ஒரு பொண்ணோட உடம்பு எப்படி இருக்கணும்னு ஊர் எதிர்பார்க்குது? ஒரு பையனோட உடம்பு எப்படி இருக்கணும்னு எதிர்பார்க்குது? நீங்க நினைக்கறது வேண்டாம். ஊர் சொல்றது."

முதலில் எல்லோரும் பக்கத்திலிருப்பவரை முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பிறகு ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல், "கலரா இருக்கணும் டீச்சர்" என்றது. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. இடுப்பு சின்னதா இருக்கணும். கையில முடி இருக்கக் கூடாது. உயரமா இருக்கணும், ஆனா பக்கத்துல நிக்கற ஆம்பளையைவிட உயரமா இருக்கக் கூடாது. கொஞ்சமா சாப்பிடணும். நடந்தா சத்தம் கேக்கக் கூடாது. ஆண் பக்கம் தோள், குரல், தாடி, அழாத கண். வகுப்பிலேயே குள்ளமானவன், 'சுண்டு' என்று எல்லோரும் கூப்பிடும் பையன் எழுந்து, "உயரம்னு பெருசா எழுதுங்க டீச்சர். காலையில தினமும் கம்பியில தொங்கறேன், கை நீளுதே தவிர நான் நீள மாட்டேங்கறேன்" என்றான். வகுப்பு உருண்டு உருண்டு சிரித்தது. டீச்சர் எல்லாவற்றையும் எழுதினார். பெண் உருவத்தைச் சுற்றி எழுத இடமே இல்லாமல் போனது. தொண்டை, கழுத்து, கணுக்கால் வரைக்கும் ஊருக்கு ஏதோ ஒரு யோசனை இருந்தது.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் 'பீரங்கி' என்று பெயர்.

அந்தப் பெயரை வைத்தது விளையாட்டு மாஸ்டர். இரும்புக் குண்டு எறிவதில் அந்தப் பள்ளியில் அவளை மிஞ்ச ஆளில்லை. அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலும் இல்லை. அகன்ற தோள், உருண்டு திரண்ட கை, தூண் மாதிரி தொடை. "இது பொண்ணு இல்லய்யா, பீரங்கி!" என்று மாஸ்டர் பெருமை தாங்காமல் மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். மாஸ்டர் சொன்னபோது அது பட்டம். வகுப்புக்கு வந்து சேர்ந்ததும் அது கேலி ஆகிவிட்டது. 'குண்டு எறியற குண்டு' என்று பையன்கள் பாட்டாகவே பாடுவார்கள். பின்னால் உட்காருபவர்களுக்கு மறைக்கிறது என்று சொல்லி அவளை எந்த வகுப்பிலும் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியாது. கூடவே சிரிப்பாள்.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்று டீச்சர் கேட்டபோது அவள் கை தூக்கினாள்.

"இதெல்லாம் யார் டீச்சர் முடிவு பண்ணாங்க?"

டீச்சருக்குப் புல்லரித்துவிட்டது. இந்த ஒரு கேள்விக்காகத்தானே இத்தனையும்! "யாரும் தனியா உக்காந்து முடிவு பண்ணலம்மா. எல்லாரும் சேர்ந்து, தெரியாமலே முடிவு பண்றோம். அதனால எல்லாரும் சேர்ந்து மாத்தவும் முடியும்" என்றார். சொல்லும்போது அவருடைய குரலே அவருக்குப் பிடித்திருந்தது.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகள் திருவிழாவாகப் போயின. விளம்பரங்களைக் கொண்டுவந்து பிரித்து மேய்ந்தார்கள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதில்லை என்று எல்லோரும் கை தூக்கி ஒத்துக்கொண்டார்கள். சுண்டு இரண்டு கையையும் தூக்கினான். டீச்சர் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

"வாரத்துக்கு ஒரு பீரியட்ல ஊர் திருந்திடுமா?" என்றார் கணவர், காலை நீட்டி டி.வி. பார்த்தபடி.

"ஊர் திருந்த வேண்டாங்க. ஒரு பொண்ணு நிமிந்து நடந்தா போதும்."

"முதல்ல நீ நிமிந்து உக்காரு" என்று அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. வாய் அப்படி.

அந்த நாட்களில் டீச்சர் பள்ளி விட்டதும் மைதானத்துச் சுவரோரம் நின்று பீரங்கி எறிவதைப் பார்ப்பார். குண்டைக் கழுத்துக்கும் தாடைக்கும் நடுவில் குழந்தையை வைப்பதுபோல ஒதுக்கி வைத்துக்கொள்வாள். முழங்காலை மடக்கி, வட்டத்துக்குள் பின்பக்கமாக ஒரு தாவு, அப்படியே உடம்பு முழுவதும் ஒரே திருகாகத் திரும்பி, வாயிலிருந்து ஒரு கத்தல், குண்டு போய்ப் புழுதியில் புதையும். அந்த நேரம் சட்டை விலகியிருக்கிறதா, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே அவளுக்கு இருக்காது. கழுத்தில் துரு படிந்த அடையாளத்தோடு ஓடிவந்து, "பாத்தீங்களா டீச்சர்?" என்பாள். அந்த உடம்புக்குள் இத்தனை சௌகரியமாக ஒருத்தி குடியிருக்க முடியுமா என்று டீச்சருக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

மழை விடுமுறை, அரையாண்டுப் பரீட்சை, அரையாண்டு விடுமுறை என்று இரண்டு மாதம் போல ஓடிப் பள்ளி திறந்த அன்று, மாடிப்படியில் எதிரே வந்த பெண்ணை முதலில் டீச்சருக்கு அடையாளம் தெரியவில்லை. சீருடை தோளிலிருந்து தொங்கியது. கன்னம் இருந்த இடத்தில் எலும்பு எட்டிப் பார்த்தது.

"அட, நீயா! இளைச்சு நல்லா இருக்கியேம்மா!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது டீச்சருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். யோசித்துச் சொன்னதில்லை, தும்மல் வருவதுபோல வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்னவென்று சொல்வது? குண்டு எத்தனை தூரம் போய் விழுந்தபோதும் அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை.

"தேங்க்ஸ் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, சத்தமே கேட்காமல் படியிறங்கிப் போனாள்.

ஆசிரியர் அறையிலும் அன்றைக்கு அதுதான் பேச்சு. "அந்தப் பெரிய பொண்ணு எப்படி ஆளே மாறிட்டா பாத்தீங்களா? என்ன சாப்பிடறான்னு கேக்கணும், எனக்கும் குறைய மாட்டேங்குது" என்றார் கணக்கு டீச்சர். வகுப்பில் அவளை இரண்டாவது பெஞ்சுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார்கள். வகுப்புப் பெண்கள் அவள் தலைமுடியைப் பின்னி விட்டார்கள். பையன்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் கை தூக்க வைத்ததால் நின்ற பாட்டு இல்லை அது. பாட இப்போது விஷயம் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து விளையாட்டு மாஸ்டர் உயிரியல் ஆய்வகத்துக்கே தேடி வந்தார். அந்த மனிதர் மைதானத்தை விட்டுக் கட்டடத்துக்குள் வருவதே அபூர்வம்.

"மேடம், நீங்க சொன்னா அவ கேப்பா. குண்டு பாதி தூரம்கூடப் போக மாட்டேங்குது. எறிஞ்சிட்டு அப்படியே குந்திக்கறா, தலை சுத்துதுன்னு. சாப்பிட்டியாம்மான்னா சாப்பிட்டேங்கறா. என்னமோ ஆயிடுச்சு மேடம் அந்தப் புள்ளைக்கு."

அன்றைக்கே மதிய இடைவேளையில் டீச்சர் அவளை ஆய்வகத்துக்கு அழைத்துவரச் சொன்னார். எதிரே உட்கார வைத்து, தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"இப்பதான் டீச்சர் சாப்பிட்டேன்."

"பொய் சொல்லாதம்மா. உன் கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு? ஒழுங்கா மாசா மாசம் வருதா?"

அவள் நகத்தைப் பார்த்தாள். டீச்சருக்கு அது போதுமாயிருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ற? இத்தனை வெள்ளிக்கிழமை நாம என்ன பேசினோம்? நீதானே கேட்ட, இதெல்லாம் யார் முடிவு பண்ணாங்கன்னு?"

"ஆமா டீச்சர்."

"அப்புறம்?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். மறைக்கிறவள் மாதிரி இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமே என்று யோசிக்கிறவள் மாதிரி இருந்தாள்.

"அதுக்கு முன்னாடி எனக்கு அதெல்லாம் சரியா தெரியாது டீச்சர். குண்டுன்னு கிண்டல் பண்ணுவாங்க, சும்மா விளையாட்டுக்குன்னு நினைச்சுப்பேன். நீங்க போர்டுல எழுதினப்பதான், ஒவ்வொண்ணா... கழுத்து இப்படி, கை இப்படி, நடந்தா இப்படின்னு... என்கிட்ட அதுல ஒண்ணுகூட இல்லன்னு தெரிஞ்சுது."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அது தப்புன்னும் சொன்னீங்க டீச்சர், ஞாபகம் இருக்கு" என்று அவள் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள், டீச்சர் மனம் நோகக் கூடாதே என்பதுபோல. "ஆனா எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணதுன்னும் சொன்னீங்க இல்ல? எல்லாரும் ஒரு பக்கம், நான் மட்டும் ஒரு பக்கம்னா எப்படி டீச்சர்?"

ஆய்வகத்தில் குழாய் ஒன்று சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்தார்.

"குண்டு எறியறது உனக்குப் பிடிக்குமே?"

"பிடிக்கும்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "ஆனா அது சாயங்காலம் ஒரு மணி நேரம்தானே டீச்சர். மத்த நேரமெல்லாம் இந்த உடம்போடதானே நான் இருக்கணும்."

டீச்சர் தலைமையாசிரியையிடம் போனார். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுவிட்டு, "மார்க் குறைஞ்சிருக்கா?" என்றார். குறையவில்லை. "அப்ப வீட்ல பாத்துப்பாங்க மேடம். நாம வளர்ற பொண்ணு விஷயத்துல ரொம்ப மூக்க நுழைச்சா வம்பாயிடும்."

அந்தப் பெண்ணின் அம்மா கடைத்தெருவில் ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தார். அப்பா வெளியூர் வேலை. டீச்சர் ஒரு மாலை அங்கேயே போய்விட்டார். வாசலில் தலையில்லாத பொம்மைகள் ஒட்டிய வயிற்றோடு நின்றன. அந்த அம்மாவுக்கு டீச்சரைக் கண்டதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு, துணி மாற்றிப் பார்க்கும் அறைக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல் போட்டார். உட்காரும் முன்பே டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நானே வந்து உங்களைப் பாக்கணும்னு இருந்தேன் டீச்சர். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. உங்க கிளாசுக்கு அப்புறம்தான் டீச்சர் அவளுக்குத் தன் உடம்புமேல ஒரு அக்கறையே வந்துச்சு. நான் தலைகீழா நின்னு சொன்னப்பகூடக் கேக்காத பொண்ணு!"

டீச்சர் கையை விடுவித்துக்கொள்ள முயன்றார். முடியவில்லை. பட்டினி கிடக்கிறாள், இது உடம்புக்கு ஆபத்து, நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்.

"காட்டினேன் டீச்சர். நான் அப்படி விட்டுடுவேனா? ரத்தம் கொஞ்சம் கம்மின்னு மாத்திரை எழுதிக் குடுத்தார். எடையெல்லாம் இப்பதான் சரியா வந்திருக்கு, இப்படியே வச்சுக்கோம்மான்னு அவளைப் பாராட்டினார்."

"மாசா மாசம் வரதில்லையாமே?"

"அதையும் கேட்டேன். பரீட்சை டென்ஷன்ல அப்படி ஆகும்னுட்டார்."

அந்த அம்மா டீச்சர் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பிடியைத் தளர்த்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"நான் ஒண்ணும் தெரியாதவ இல்ல டீச்சர். அவ ராத்திரி தட்டுல பிசைஞ்சுட்டு எழுந்து போறது எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? ஆனா நான் இங்க நாள் முழுக்க நிக்கறேன். பெரிய சைஸ் எல்லாம் பின்பக்க அலமாரியிலதான் வைப்போம். அத கேட்டு வர்ற பொம்பளைங்க எப்படிக் கேப்பாங்க தெரியுமா? பக்கத்துல யாரும் இல்லையேன்னு பாத்துட்டு, ரகசியம் மாதிரி காதுகிட்ட கேப்பாங்க. படிச்சவங்க, பெரிய வேலையில இருக்கறவங்க, எல்லாரும்தான். என் பொண்ணு ஒரு கடைக்குள்ள போனா சத்தமா கேக்கணும் டீச்சர். அவ்வளவுதான் எனக்கு. அதுக்குக் கொஞ்சம் பசி கிடந்தா கிடக்கட்டும். உலகம் மாறும்னு நீங்க சொல்றீங்க. மாறட்டும். அது மாறற வரைக்கும் இவ எங்க போய் நிப்பா?"

டீச்சரிடம் பதில் இருந்தது. பாடத்தில் இருந்தது, எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அதில் ஒரு வரியைக்கூட எடுத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எதிரே ஆளுயரக் கண்ணாடியில், தோளைக் குறுக்கிக் கூன் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணி தெரிந்தார். டீச்சர் எழுந்துகொண்டார்.

பள்ளிகளுக்கு இடையிலான குண்டு எறிதல் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுத்த அன்று மைதானத்தில் அவள் விழுந்தாள். எறியக்கூட இல்லை, குண்டைத் தூக்கிக் கழுத்தில் வைத்தவள் அப்படியே மடங்கிவிட்டாள். குண்டு அவள் பாதத்தை மயிரிழையில் விட்டுவிட்டுப் பக்கத்தில் விழுந்தது. மாஸ்டர் ஓடிவந்து அவளைத் தூக்கினார். போன வருஷம் தன்னால் இவளை அசைக்கக்கூட முடியாது என்று வேடிக்கை சொன்னவர்தான். இப்போது மூச்சு வாங்காமல் ஏந்திக்கொண்டு நிழலுக்குப் போனார். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "என்னம்மா, இப்படிக் காத்து மாதிரி ஆயிட்டியே" என்று புலம்பினார். கண் விழித்த பெண் அதைக் கேட்டுப் புன்னகைத்தாள். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள் என்பது பக்கத்தில் நின்ற டீச்சருக்குப் புரிந்தது. மாஸ்டருக்குப் புரியவில்லை. அன்று மாலை அவளை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவள் அழுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தார். அழவில்லை. "பரவால்ல டீச்சர், நிம்மதியா இருக்கு" என்றாள். அந்த நிம்மதியில் பொய் இல்லை. அதுதான் டீச்சரை அதிர வைத்தது.

டீச்சர் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். வேறொரு டாக்டரின் விலாசம் வாங்கிக் கொடுத்தார். அம்மா தலையாட்டினார், போகவில்லை. மதியம் தன்னோடு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். இரண்டு நாள் வந்து பருக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தாள், மூன்றாம் நாள் தோழிகளோடு போய்விட்டாள். தோழிகள் கிடைத்ததே இப்போதுதான், அதை எப்படித் தடுப்பது? வகுப்பில் உடம்பைப் பட்டினி போடுவதைப் பற்றி ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் பேசினார். எல்லோரும் கேட்டார்கள். பீரியட் முடிந்ததும் இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி அவளிடம் போய், எப்படிக் குறைத்தாய் என்று கேட்டதை டீச்சர் தன் காதாலேயே கேட்டார்.

ஆண்டு விழாவில் விருந்தினர்களை வரவேற்க வாசலில் பூத்தட்டோடு நிற்கிற பெண்களில் ஒருத்தியாக அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பெல்லாம் அவளை அந்த இடத்தில் நிறுத்த யாருக்கும் தோன்றியதே இல்லை. அம்மா கடையிலேயே சின்ன சைஸில் ஒரு நீல உடை எடுத்துக் கொடுத்திருந்தார். அவள் நடுங்கிக்கொண்டு நின்றாள். வெயில் காலம்தான், ஆனால் அவளுக்கு இப்போதெல்லாம் எப்போதும் குளிர்தான். வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

விழா முடிந்த மறுநாள் டீச்சர் தலைமையாசிரியையிடம் போய், "அந்த வெள்ளிக்கிழமை கிளாஸை வேற யாருக்காவது குடுத்துடுங்க மேடம், என்னால முடியல" என்றார்.

"என்ன விளையாடறீங்களா? மேலிடத்துலருந்து வந்தவங்க உங்க கிளாஸைத்தான் புகழ்ந்துட்டுப் போயிருக்காங்க. வர்ற வருஷம் ஒன்பதாவதுக்கும் சேர்த்து நீங்கதான்" என்று தலைமையாசிரியை தோளில் தட்டினார்.

விழாவுக்கு முந்தின வாரம், மேலிடத்திலிருந்து வந்த இரண்டு பேர் வகுப்பின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்த வெள்ளிக்கிழமையை டீச்சரால் மறக்க முடியாது. அவர்களில் ஒருவர் எழுந்து, "உடம்பைப் பத்தின சமூகத்தோட எதிர்பார்ப்புகளை நாம எப்படி எதிர்கொள்ளணும்? யாராவது சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டார். வகுப்பில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது பெஞ்சிலிருந்து அவள்தான் எழுந்தாள். எழுந்த வேகத்தில் கண் இருட்டியிருக்க வேண்டும், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு தெளிவாக, தடுமாறாமல் சொன்னாள். ஒவ்வொரு உடம்பும் அதனதன் வழியில் அழகு. எதிர்பார்ப்புகள் மனிதர்கள் உண்டாக்கியவை, அதனால் மனிதர்களால் மாற்றக்கூடியவை. நம் உடம்பு நமக்குத் தரும் வலிமைக்காக அதை நேசிக்க வேண்டும். டீச்சர் சொல்லிக் கொடுத்ததில் ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை.

"வெரி குட்" என்றார் வந்தவர். வகுப்பு கைதட்டியது. சுண்டு விசிலே அடித்துவிட்டான். அவள் வெட்கத்தோடு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல.

எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் தட்டினார்.